பிள்ளைக்கு மனசு சரியில்லை: முதலில் யாரிடம் கூட்டிப்போவது?

"எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒன்றரை மாதமாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். கவுன்சலரிடம் போவதா, டாக்டரிடமா? அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா?" இப்படி ஒரு கேள்வி மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. நான் மருத்துவர் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால், மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கீழே வரப்போகும் வாசல்களில் அநேகமாக எல்லாவற்றையும் ஏறி இறங்கியிருக்கிறேன். அதுதான் என் தகுதி. (அவளைப் பற்றி, அவள் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன வரிகள் மட்டும் இங்கே இருக்கின்றன.)

கேட்கிறவர்கள் எல்லோரும் "எது நல்ல இடம்?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். இருப்பதிலேயே பேர்போன இடத்துக்கு, ஐந்து மணி நேரம் பயணம் செய்து, இரண்டு முறை போனோம். மூன்றாம் முறை போக முடியவில்லை. பணம், லீவு, பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஏதோ ஒன்று. கையில் மிஞ்சியது ஒரு ஃபைல். மனநல சிகிச்சை, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது மாதிரி ஒருநாள் வேலை இல்லை. மருந்தோ பேச்சோ, வாரக்கணக்கில் தொடர வேண்டியது. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அங்கே மூன்றாவது தடவை போக உங்களால் முடியுமா?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பறையில் மூன்று பேர்.

## எதை வைத்து முடிவு செய்வது

அவசரம். இன்று ராத்திரி தாங்குமா, இரண்டு வாரம் பொறுக்கலாமா?

என்ன தேவை. பேச ஆள் வேண்டுமா, மருந்து வேண்டியிருக்குமா, சான்றிதழ் வேண்டுமா? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், முறையான உளவியல் சிகிச்சை தருவார். 'கவுன்சலர்' என்ற பலகையை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு வருட முதுகலை படித்தவரும் அந்தப் பலகையை மாட்டுகிறார், மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் மாட்டுகிறார்.

மொத்தச் செலவு. ஃபீஸ் மட்டும் இல்லை. பஸ், ஹோட்டல் சாப்பாடு, உங்கள் ஒருநாள் சம்பளம், பிள்ளை விட்ட வகுப்பு எல்லாம் சேர்ந்தது.

யாருக்குத் தெரியும். இரண்டு வகை ரகசியம் இருக்கிறது. ஊருக்குத் தெரியாமல் இருப்பது நம் கவலை. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் இருப்பது பிள்ளையின் கவலை. அதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மூன்றாம் முறை. மேலே சொன்னதுதான்.

இதற்கெல்லாம் முன்னால், வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு, கண் பார்வை, காது என்று எத்தனையோ சங்கதிகள் 'சோம்பேறித்தனம்', 'கவனமில்லை' என்ற பேரில் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

## இன்றைக்கே ஆபத்து என்றால்

பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ எழுதிவைத்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, நாள்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, எது நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் எடுத்துப் பூட்டிவிடுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மருத்துவமனைக்குப் போகாமல் தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும், உண்மைதான். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. அதற்கு முன்பே 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

## தொலைபேசி எண்கள்

14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் சமயங்களில் அங்கிருந்தே மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். சென்னை சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்காகவே 1986இல் தொடங்கப்பட்டது. அதன் எண் 044-24640050. வீட்டிலோ வெளியிலோ அடி, துன்புறுத்தல், பாலியல் தொல்லை என்றால் 1098. பிள்ளையே அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம்.

(14417 என்று ஒன்றும் உண்டு. அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். கடைசி இலக்கம் மாறிப்போய் அங்கே விழுந்தால் பதற்றப்பட வேண்டாம், அவர்களிடமும் பேசலாம்.)

தொலைபேசியின் பலம், பிள்ளை யார் என்று தெரியாமலேயே பேசலாம் என்பது. முகம் பார்க்க வேண்டாம். பதின்வயதுப் பையன்களுக்கு இது பெரிய விஷயம். பெற்றோரும் பேசலாம், "நான் என்ன சொன்னாலும் கதவைச் சாத்திக்கொள்கிறாள், என்ன செய்ய?" என்று கேட்பதற்கும் இந்த எண்கள்தான்.

பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. இன்று பேசியவரே அடுத்த வாரமும் எடுப்பார் என்று உறுதியில்லை. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். சில பிள்ளைகள் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்கள். அதனால் இதை முதல் படியாகவும், ராத்திரி பதினொரு மணிக்குக் கைகொடுக்கும் துணையாகவும் வைத்துக்கொள்ளலாம். முழு சிகிச்சையாக நம்பிவிடக் கூடாது.

## பள்ளியிலேயே இருக்கும் கவுன்சலர்

மூன்றாம் முறை என்ற கணக்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பிள்ளை தினம் போகிற இடம், காசில்லை, பயணமில்லை. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் இல்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் கவுன்சலர் சம்பளம் வாங்குவது பள்ளியிடம். ஆசிரியர் அறையில் அவரும் உட்கார்ந்து டீ குடிக்கிறார். மகள் ஒரு கவுன்சலரிடம் சொன்னது, இரண்டே நாளில் வகுப்பாசிரியர் வாயிலிருந்து, அதுவும் மற்ற பிள்ளைகள் முன்னால், "உனக்கு என்னமோ பயமாமே?" என்று வெளியே வந்தது. அதன்பிறகு ஒரு வருடம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லாப் பள்ளியும் அப்படி இல்லைதான். ஆனாலும் முதல் சந்திப்புக்கு முன்னால் நீங்கள் தனியாகப் போய், "அவ சொல்றதுல எது யாருக்குப் போகும், மேடம்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

பரீட்சை பயம், நண்பர்களோடு சண்டை, புதுப் பள்ளியில் ஒட்டாமல் இருப்பது, கிண்டல் இதற்கெல்லாம் பள்ளிக் கவுன்சலர் பொருத்தம். பிரச்சினையே ஒரு ஆசிரியர்தான் என்றால் அங்கே போகாதீர்கள்.

## அரசு மருத்துவமனை

கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே நம்மில் பாதிப்பேர் சிரிப்போம். ஒரு ஊர்ப் பெயரையே கிண்டலாக்கி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை அது. குழந்தைகளுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவும் அங்கே உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு காரணமாகவே எத்தனையோ பேர் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மனநலப் பிரிவுக்குக்கூடப் போவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில், குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வந்து பார்க்கிறார். எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். எனக்கு இது தெரியவந்ததே இரண்டாவது வருடத்தில்தான், மருந்து கட்டும் செவிலியர் ஒருவர் சொல்லி.

ஓ.பி. சீட்டு இலவசம், மருந்தும் இலவசம். காத்திருப்பதுதான் விலை. காலை ஏழரைக்குக் கிளம்பி, சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, வீடு வந்து சேர இரண்டு மணி. அதில் டாக்டர் முன் இருப்பது பத்து நிமிஷம். முதல் முறை பயிற்சி மருத்துவர் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். அடுத்த முறை அங்கே வேறு ஒருவர் இருப்பார். தினக்கூலிக்குப் போகிற அம்மாவுக்கு 'இலவசம்' என்ற இந்த ஓ.பி. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி. அதைச் சொல்லாமல் அரசு மருத்துவமனையைப் புகழ்ந்தால் அது பொய்.

இன்னொரு சங்கடம், காத்திருக்கும் இடம். குடியை நிறுத்த வந்தவர், தனக்குள் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர், அழுகிற பெண் எல்லோரும் ஒரே பெஞ்சில். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் பார்த்து, "நானும் இப்படியா ஆகப்போறேன்?" என்று கேட்கும். பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு காரியத்துக்கு இதைவிட்டால் வழியில்லை. ஒன்று, சான்றிதழ். எழுத்துத் தடுமாற்றம் போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம் இவை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகை வேண்டுமென்றால் அரசு மருத்துவர்கள் தரும் சான்று வேண்டும். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சோதனை செய்து, பளபளவென்று ரிப்போர்ட் வாங்கி, அப்புறம் அரசு மருத்துவமனையில் திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர்கள் ஏராளம். பத்தாம் வகுப்பு ஜனவரியில் அல்ல, எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டிய வேலை இது. பேச்சு வருவதில் தாமதம், கவனக்குறைவு போன்றவற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் உதவும். 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரை அங்கே கட்டணமில்லை.

இரண்டாவது, நீண்ட மருந்து. ஆறு மாதம், ஒரு வருடம் என்று மாத்திரை தொடர வேண்டியிருந்தால், கடையில் மாதாமாதம் வாங்குவது பட்ஜெட்டில் உட்காராத வீட்டுக்கு அரசு மருந்தகம்தான் சிகிச்சையை விட்டுவிடாமல் காப்பாற்றுகிறது.

உள்நோயாளியாகச் சேர்க்கும் நிலை வந்தால் இதைத் தெரிந்துவைத்திருங்கள்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அரசுக்கும் தனியாருக்கும் அது ஒன்றுதான்.

## தனியார் மனநல மருத்துவர்

சாயங்கால கிளினிக். பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து வந்து போகலாம், உங்களுக்கும் லீவு வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர். இந்த மூன்றுக்காகத்தான் காசு கொடுக்கிறோம். வைத்தியம் வேறாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்; பல ஊர்களில் காலையில் அரசு மருத்துவமனையில் பார்க்கிறவரே மாலையில் இங்கே உட்கார்ந்திருப்பார்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் மெல்ல வரும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். சிலருக்குப் பரபரப்போ மோசமான எண்ணங்களோ கூடலாம், அப்படியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நன்றாக ஆனபிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள். "நல்லாயிட்டாளே" என்று நாமாக நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன். மூன்றாம் வாரம் எல்லாம் திரும்ப வந்தது. அந்தத் திரும்பலுக்கு ஆன செலவு, நிறுத்தாமல் இருந்திருந்தால் ஆகியிருக்கும் மாத்திரைச் செலவைப் போல நாலு மடங்கு. கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதைத் தேடி அலைகிற பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்பார்கள். மற்ற நோய்களைப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் நம் பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பிள்ளைகளின் சிகிச்சையோ பெரும்பாலும் வந்துபோகிற வகை. அதனால் கைக்காசு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் மனநலத்தில் தனியாகத் தேர்ந்த மருத்துவர்கள் மிகக் குறைவு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் இரண்டிலும் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. ஆட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்திருப்பது போன்ற சிக்கலான நிலைகளுக்கும், உள்ளூர் மருத்துவரே "ஒருதடவை அங்க காட்டிட்டு வாங்க" என்று சொல்லும்போதும் போகலாம். முதல் படியாகவே அங்கே ஓடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓடிப் பார்த்தவள் சொல்கிறேன்.

## தனியார் உளவியலாளர்

முழுசாக ஒருமணி நேரம் பிள்ளை சொல்வதைக் கேட்க ஆள் கிடைக்கிற இடம் இதுதான். பதற்றம், தூக்கமின்மை, திரும்பத் திரும்பக் கை கழுவுவது, வீட்டில் மரணம், பெற்றோர் பிரிவு, பள்ளி மறுப்பு போன்றவற்றில், நிலை மிக மோசமாக இல்லாதவரை, முதலில் இங்கே வருவது நியாயம். மருந்து வேண்டியிருக்கும் என்று தோன்றினால் நல்ல உளவியலாளர் தானே மருத்துவரிடம் அனுப்புவார். "மாத்திரையெல்லாம் விஷம், நான் பேசியே சரிபண்றேன்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு: எங்களிடம் ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய். எட்டு அமர்வு என்று சொன்னார், 9,600. நடுவில் எங்கள் இருவருக்கும் தனியாக மூன்று அமர்வு வேண்டும் என்றார்; இன்னொரு 3,600. அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் "பிள்ளைக்குத்தானே பிரச்சினை, நமக்கு என்ன?" என்று வாசலிலேயே கோபித்துக்கொண்டார். பின்னாளில் யோசித்தால், முழுச் செலவிலும் உருப்படியாகப் போனது அந்த 3,600தான். காலையில் அவளுக்கு வயிற்றுவலி வந்ததும் நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிடுவதே அந்த வலியை வளர்க்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது அந்த அறையில்தான். முதல் நாளே "பெற்றோருக்கும் அமர்வு உண்டா, அதற்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

தகுதியையும் கேட்க வேண்டும், கூச்சப்படாமல். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க? ஆர்.சி.ஐ. பதிவு இருக்கா?" இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் என்றால் எண்ணைத் தருவார், இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆலோசனை உளவியல் படித்தவர்களுக்கு அந்தப் பதிவு இல்லாமல் இருக்கலாம். அவர்களிலும் அருமையானவர்கள் இருக்கிறார்கள். அப்போது எங்கே படித்தார், குழந்தைகளோடு எத்தனை வருடம் வேலை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கேள்விக்கே முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது.

ரகசியம் பற்றியும் பிள்ளையின் முன்னிலையிலேயே பேசிவிடுவது நல்லது. உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்வார். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். மற்றபடி யாரைப் பிடித்திருக்கிறது, ஒருமுறை சிகரெட் குடித்தானா என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். "என்ன சொன்னா, என்ன சொன்னா" என்று வாசலில் நின்று துளைத்தால் அடுத்த வாரம் உள்ளே போய் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

## திரையில் பேசுவது

வீடியோ வழி ஆலோசனை, சின்ன ஊர்க்காரர்களுக்கு வரம். தமிழில் பேசும் உளவியலாளர் சென்னையில் இருந்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சிலர் இப்படித்தான் பார்க்கிறார்கள். 2020இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவரை மருத்துவர் திரையில் பார்க்கும்போது கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து பேசும் என்பதுதான் பெரிய சிக்கல். மகள் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசினாள். மே மாதத்தில் நிறுத்திவிட்டாள்.

பத்து வயதுக்குக் கீழ் என்றால் நேரில்தான். சின்னப் பிள்ளையை விளையாடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆளே இல்லாமல் பதில் தரும் ஆப்களிடம் ஒரு பதின்வயதுப் பிள்ளையின் மனதை ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை.

## குணசீலம், ஏர்வாடி, மந்திரிப்பது

இதை விட்டுவிட்டுப் பேசினால் ஊரைத் தெரியாதவள் என்பீர்கள். பிள்ளை திடீரென்று மாறிப்போனால் முதலில் வேப்பிலை அடிப்பது, தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. திருச்சி பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கித் தீர்த்தம் தெளித்துக்கொள்கிறார்கள். என் மாமியாரும் வேண்டிக்கொண்டார், நாங்களும் போய்வந்தோம். மனதுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மாத்திரை டப்பாவும் பையில் இருந்தது.

பயம் இங்கே: சாமி கும்பிடுவதால் அல்ல, காலம் போவதாலும் கட்டிப்போடுவதாலும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற, பட்டினி போடச் சொல்கிற, அடிக்கிற இடம் எந்த மதத்துடையதாக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

## சுருக்கமாக ஒரு பட்டியல்

| வழி | எப்போது கிடைக்கும் | மறைந்திருக்கும் விலை | யாருக்குத் தெரியும் | மூன்றாம் முறை |
|---|---|---|---|---|
| 14416, 104 | இப்போதே | கதையைத் திரும்பச் சொல்வது | யாருக்கும் தெரியாது | எளிது, ஆனால் ஆள் மாறும் |
| பள்ளிக் கவுன்சலர் | இந்த வாரம் | ஆசிரியர் அறைப் பேச்சு | பள்ளிக்குத் தெரியலாம் | மிக எளிது |
| அரசு மருத்துவமனை | ஓ.பி. நாளில் | ஒருநாள் கூலி, ஒருநாள் வகுப்பு | வரிசையில் ஊர்க்காரர் இருந்தால் அவருக்கு | தூரத்தைப் பொறுத்தது |
| தனியார் மனநல மருத்துவர் | சில நாளில் | மாதாந்திர மாத்திரை | கிளினிக் வாசலில் பார்த்தவருக்கு | காசைப் பொறுத்தது |
| தனியார் உளவியலாளர் | ஒன்றிரண்டு வாரம் | பெற்றோர் அமர்வுகள் | குறைவு | காசும் பொறுமையும் வேண்டும் |
| வீடியோ | ஒன்றிரண்டு நாளில் | வீட்டில் தனியிடம் | வீட்டில் எல்லோருக்கும் | எளிது, சலிப்பும் எளிது |

## சரி, யாருக்கு எது?

படிப்பில் மட்டும் தடுமாறுகிறான், மற்றபடி சிரித்த முகம்: அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள், சான்றிதழும் அங்கேதான். திடீரென்று குணமே மாறிவிட்டது, தூக்கம் போய்விட்டது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறாள்: கவுன்சலரிடம் நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம், அரசோ தனியாரோ எது பக்கமோ அங்கே. பள்ளிக்குப் போக மறுப்பு, பயம், அழுகை, ஆனால் சாப்பாடும் விளையாட்டும் ஓரளவு இருக்கிறது: காசு இருந்தால் உளவியலாளர், இல்லையென்றால் அரசு மனநலப் பிரிவிலேயே உளவியலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள், பல மருத்துவக் கல்லூரிகளில் உண்டு. உங்களிடம் பேசவே மாட்டேன் என்கிற பதினாறு வயது: 14416ஐ ஒரு தாளில் எழுதி அவன் மேஜையில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். ஏதோ தொல்லை நடந்திருக்கிறது என்று சந்தேகம்: 1098.

இரண்டு வழியைச் சேர்த்தும் போகலாம். நாங்கள் கடைசியில் நிலைத்தது அப்படித்தான். மருந்துக்கு, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி, மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பேச்சுக்கு, எங்கள் ஊரிலேயே ஒரு உளவியலாளர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பேர்போன இடம் இரண்டுமே இல்லை. ஆனால் ஒன்பது மாதம் விடாமல் போனோம். ஒரே ஃபைலில் எல்லாச் சீட்டையும், மாத்திரைப் பெயரையும் அளவையும், எந்தத் தேதியில் என்ன மாறியது என்பதையும் எழுதிவைத்தேன். அரசு மருத்துவமனையில் டாக்டர் மாறியபோதெல்லாம் அந்த ஃபைல்தான் கதை சொன்னது.

ஒன்றை மட்டும் நான் தப்பாகச் செய்தேன். முதல் செவ்வாய்க்கிழமை "தலைவலிக்குக் காட்டத்தான் போறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் 'மனநலப் பிரிவு' என்ற பலகையைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பரவால்லம்மா, இன்னிக்கு அவ பேச வேண்டாம். அடுத்த தடவை அவகிட்டயே சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்றார் அந்த டாக்டர்.

அடுத்த மாதம் பஸ்ஸில் ஏறும்போதே சொன்னேன், எங்கே போகிறோம், எதற்கு, அங்கே என்ன கேட்பார்கள், எதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம் என்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி வழியில், "சித்திகிட்ட சொல்லிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். பொய்தான். அன்று சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்த் தங்கைக்குப் போன் பண்ணி, இதை இனி யாரிடமும் பேசாதே என்று சொல்லிவிட்டு, கீழே வந்து அவளிடமும் உண்மையைச் சொன்னேன்.